மூலைக்கு மூலை இழுத்துப் பிடி!

கபடி ஆட்டத்தை ஊரே பார்க்கும். ஆட்டத்துக்கு முந்தின சாயங்காலம் அந்த ஆடுகளம் பிறப்பதை யார் பார்த்தார்கள்? வாங்க, திரையை லேசாக விலக்கி எட்டிப் பார்ப்போம்!

செருப்பை வேலி ஓரமாகவே விட்டுவிடுங்கள். கல்லும் முள்ளும் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டிய மண் இது. ஈரம் இன்னும் காயவில்லை. மிதித்துத் தடம் பதித்தால் பி.டி. சாருக்குக் கண் சிவந்துவிடும்.

நாளைக் காலையில் இங்கே விசில் பறக்கும். மைக்கில் ஊர் ஊராகப் பேர் முழங்கும். தொடையைத் தட்டிக்கொண்டு ஒருத்தர் ஏறுவார், ஏழு பேர் வளைப்பார்கள், கூட்டம் தொண்டை கிழியக் கத்தும். அதையெல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இன்றைக்கு நடக்கப் போவதுதான் ரகசியக் காட்சி. வெறும் மண்ணில் ஒரு செவ்வகம் உருவாகப் போகிறது!

"செவ்வகமா? நாலு கோடு கிழிச்சா முடிஞ்சது. இதுக்கா கூட்டிட்டு வந்தீங்க?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அந்த நாலு கோடும் பொய் சொல்லும். ஐந்தாவதாக ஒரு கோடு இருக்கிறது. அதை யாரும் சுண்ணாம்பில் போடுவதில்லை, எந்தக் கேமராவும் அதைக் காட்டுவதில்லை. ஆனால் அது வாயைத் திறந்தால்தான் உண்மை வெளியே வரும். அந்த ஹீரோவைப் பார்க்கத்தான் வந்திருக்கிறோம்.

பெட்டிக்குள் என்ன இருக்கு?

முதலில் சாமான்களைப் பார்த்துவிடுவோம். முளைக்குச்சி ஐந்தாறு. சுத்தியல் ஒன்று. முறுக்கு விழாத நைலான் கயிறு ஒரு கட்டு. 30 மீட்டர் டேப். ஒரு மூட்டை சுண்ணாம்புப் பொடி. அவ்வளவுதான்! லேசர் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. பெரிய கோணமானிகூடக் கிடையாது.

விதிப்புத்தகம் கேட்பது இது: ஆண்கள் ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுவில் குறுக்கே நடுக்கோடு. இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஒரு மீட்டர் லாபி. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன், அதைத் தாண்டி ஒரு மீட்டரில் போனஸ் லைன். அங்கிருந்து கடைசிக் கோட்டுக்கு 1.75 மீட்டர். கூட்டிப் பாருங்கள்: 3.75, 1, 1.75. மொத்தம் ஆறரை. அதாவது 13-ல் சரிபாதி. ஒரு பெரிய செவ்வகத்துக்குள் எத்தனை குட்டிச் செவ்வகங்கள் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன பாருங்கள்!

அளவு தெரிந்துவிட்டது. இனி அளந்து போட வேண்டியதுதானே? போட்டுப் பார்ப்போம்.

நாலு பக்கமும் சரி, களம் மட்டும் கோணல்!

பசங்களுக்கு அவசரம். 10 மீட்டர் கயிறு இரண்டு, 13 மீட்டர் கயிறு இரண்டு வெட்டி, முனையோடு முனை முடிந்து, நாலு மூலையில் நாலு பேர் நின்று இழுக்கிறார்கள். எதிரெதிர்ப் பக்கங்கள் சமம். டேப்பை வைத்து எத்தனை முறை அளந்தாலும் 10, 13, 10, 13. சுற்றளவு 46 மீட்டர். ஒரு செ.மீ. கூடக் குறையவில்லை.

"முடிஞ்சது சார், பொடி போட்டுரலாமா?"

பி.டி. சார் பதில் சொல்லவில்லை. தூரத்து மூலைகளில் நிற்கும் இரண்டு பேரைக் கூப்பிட்டு, "ரெண்டு பேரும் சேர்ந்து வலது பக்கம் ஒரு சாண் நகருங்கடா" என்கிறார். நகர்கிறார்கள். கயிறு எதுவும் அறுபடவில்லை, தொய்யவில்லை. நாலு பக்கமும் அதே அளவில் இருக்கின்றன. ஆனால் களம் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது!

குட்டு வெளிப்பட்டதா? எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்தால் கிடைப்பது இணைகரம். செவ்வகம் என்பது இணைகரக் குடும்பத்தில் நிமிர்ந்து நிற்கும் பிள்ளை. பக்க அளவு நாலையும் சரியாகக் கொடுத்தாலும் அது நிமிர்ந்திருக்கிறதா சாய்ந்திருக்கிறதா என்று அந்த அளவுகள் காட்டிக்கொடுக்காது.

இதே வில்லத்தனத்தை அந்தப் பக்கம் பாருங்கள், சவுக்குக் கட்டையில் கேலரி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். செங்குத்தாக நட்ட கட்டையும் படுக்கையாகக் கட்டிய கட்டையும் சேர்ந்து அடுக்கடுக்காகச் செவ்வகங்கள்தான். அப்படியே விட்டால், நாளைக்குக் கூட்டம் எழுந்து குதிக்கும்போது அத்தனையும் சேர்ந்து ஒரு பக்கமாகச் சாயும். அதனால்தான் ஒவ்வொரு கட்டத்திலும் மூலையிலிருந்து மூலைக்குச் சாய்வாக ஒரு கட்டையை இழுத்துக் கட்டுகிறார்கள். அந்த ஒரு கட்டை செவ்வகத்தை இரண்டு முக்கோணமாக்கிவிடுகிறது. பக்க நீளம் மாறாதவரை முக்கோணம் உருவம் மாறாது. கேலரி கட்டுகிறவருக்குத் தெரிந்த அந்தச் சாய்வுக் கட்டைதான், ஆடுகளத்துக்கும் சாவி!

வருகிறார் நம்ம ஹீரோ: 16.40

"டேப்பை எடு. மூலைக்கு மூலை இழுத்துப் பிடி!"

இதுதான் இந்த மாலையின் உச்சக்கட்டம். பள்ளிப் பாடத்தில் இதற்கு மூலைவிட்டம் என்று பேர். இந்த மைதானத்தில் "மூலைக்கு மூலை" என்றால் போதும். ஒரு தம்பி வடகிழக்கு முளையில் டேப்பின் நுனியை வைக்கிறான். இன்னொருவன் தென்மேற்குக்கு ஓடுகிறான்.

"எவ்வளவுடா?"

"பதினாறு ஐம்பத்துநாலு சார்!"

"இப்ப அடுத்த மூலைக்கு."

"பதினாறு... இருபத்தாறு சார்."

ஆகா! மாட்டிக்கொண்டது! ஒன்று 16.54, மற்றது 16.26. செவ்வகமாக இருந்தால் இரண்டு மூலைவிட்டமும் சமமாக இருந்தாக வேண்டும். 13-ன் வர்க்கம் 169, 10-ன் வர்க்கம் 100, கூட்டினால் 269, அதன் வர்க்கமூலம் 16.40. இரண்டு பக்கமும் 16.40 வரவேண்டிய இடத்தில் 28 செ.மீ. இடைவெளி! ஒரு சாணுக்கும் மேலே!

இத்தனை பெரிய இடைவெளி வரும் அளவுக்குக் களம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? ஒரே ஒரு டிகிரி! மூலையில் 90-க்குப் பதில் 89. நீங்களும் நானும் நின்று உற்றுப் பார்த்தால் தெரியவே தெரியாது. கண்ணை ஏமாற்றும் ஒரு டிகிரியை மூலைவிட்டம் 28 செ.மீ. ஆக ஊதிப் பெருக்கி மேடை போட்டுக் காட்டுகிறது. இப்படியே கணக்குப் போட்டால், இரண்டு மூலைவிட்டமும் ஒரே ஒரு செ.மீ. வித்தியாசத்துக்குள் வந்துவிட்டால், கோணத்தில் உள்ள பிழை ஒரு டிகிரியில் 28-ல் ஒரு பங்குதான். டேப்பைத் தவிர வேறெதுவும் இல்லாமல் கோணத்தை இவ்வளவு துல்லியமாகப் பிடிக்க முடிகிறதே, விசில் அடிக்கத் தோன்றவில்லையா?

மற்ற சாட்சிகளை விசாரித்துப் பாருங்கள். சுற்றளவைக் கேட்டால் "46, சரியாத்தான் இருக்கு" என்னும். பரப்பளவைக் கேளுங்கள். நிமிர்ந்த களத்தில் 130 சதுர மீட்டர், ஒரு டிகிரி சாய்ந்த களத்தில் 129.98. அதுவும் கமுக்கமாக இருந்துவிடுகிறது. காட்டிக்கொடுத்தது மூலைவிட்டம் மட்டுமே.

திருத்துவதும் சுலபம். நீளமாக வந்த மூலைவிட்டத்தின் முளையை உள்பக்கமாகத் தள்ள வேண்டும். அந்தக் கடைசிக் கோட்டின் இரண்டு முளையும் ஒரே பக்கமாக, ஒரே அளவு நகர வேண்டும். இங்கே சுமார் 23 செ.மீ. நகர்த்தினால், நீண்டது சுருங்கும், சுருங்கியது நீளும், இரண்டும் நடுவழியில் சந்தித்துக்கொள்ளும்.

"பதினாறு நாப்பது!"

"இங்கயும் பதினாறு நாப்பது சார்!"

ஒரு முளை ஆழமாக இறங்கும் சத்தம் கேட்கிறதா? அதுதான் கைத்தட்டல்.

ஹீரோவையும் ஏமாற்றலாம், தெரியுமா?

இங்கே ஒரு திருப்பம். அடுத்த ஊரில் ஒருத்தர் "மூலைக்கு மூலை சரியா இருந்தா போதும், பக்கத்தை எதுக்கு அளக்கணும்?" என்று சொன்னால், தயவுசெய்து அவர் கையில் பொடியைக் கொடுக்காதீர்கள்.

ஒரு கடைசிக் கோடு 10.20, எதிர்க்கோடு 9.80 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் இணையாக, நடுப்புள்ளிகள் நேருக்கு நேராக இருக்கின்றன. இப்போது மூலைவிட்டம் இரண்டும் அச்சுப் பிசகாமல் சமம்! ஆனால் களம் ஒரு முனையில் அகலம், மறு முனையில் குறுகல். இருசமபக்கச் சரிவகம் என்கிற மாறுவேடக்காரர் இவர்.

ஆகவே சூத்திரம் இரண்டு வரி. எதிரெதிர்ப் பக்கங்கள் சமமா என்று பார். பிறகு மூலைவிட்டங்கள் சமமா என்று பார். முதலாவது சரிவகத்தை வெளியேற்றும். இரண்டாவது சாய்ந்த இணைகரத்தை வெளியேற்றும். இரண்டு வாசலையும் தாண்டி உள்ளே வருவது செவ்வகம் மட்டும்தான்.

மூன்று மூலை வாங்கினால் ஒன்று இனாம்!

"அப்போ முதல் மூலையை எப்படிச் செங்கோணமாகப் பிடிப்பது?" நல்ல கேள்வி. சார் அதற்கும் டேப்பைத்தான் நீட்டுகிறார். கடைசிக் கோட்டில் மூலையிலிருந்து 6 மீட்டரில் ஒரு குச்சி. பக்கக் கோட்டில் 8 மீட்டரில் ஒரு குச்சி. இரண்டுக்கும் நடுவே சரியாக 10 மீட்டர் வந்தால் அந்த மூலை 90 டிகிரி. கொத்தனார்கள் அஸ்திவாரத்துக்குப் பிடிக்கும் 3-4-5 கணக்கேதான், இரட்டிப்பாக்கியது. பெரிய முக்கோணமாகப் பிடிக்கப் பிடிக்கப் பிழை குறையும் என்பது அனுபவசாலிகளின் சூட்சுமம்.

பள்ளியில் இதைப் பித்தாகரஸ் பேரில், முக்கோணத்தை வைத்துப் படித்தோம். கி.மு. முதலாயிரமாண்டைச் சேர்ந்த பௌதாயன சுல்ப சூத்திரம் இதே உண்மையைச் செவ்வகத்தின் மூலைவிட்டத்தை வைத்தே சொல்கிறது! நீளவாக்கும் அகலவாக்கும் தனித்தனியே தரும் வர்க்கப் பரப்புகளை, மூலைவிட்டம் ஒன்றே சேர்த்துத் தருகிறது என்பது அதன் சாரம். வேள்வி மேடைகளைக் கயிறு பிடித்து அளந்து கட்டியவர்களின் கையேடு அது. 3-4, 12-5, 15-8, 7-24 என்று ஜோடி ஜோடியாகப் பட்டியலும் உண்டு. அவர்கள் கையிலும் கயிறும் முளையும்தான். சுண்ணாம்பு மூட்டையோடு நிற்கும் இந்தப் பசங்களுக்கு எவ்வளவு பழைய சொந்தக்காரர்கள் பாருங்கள்!

இன்னொரு சந்தோஷச் சேதி. நாலு மூலையையும் இப்படிப் பிடிக்க வேண்டியதில்லை. நாற்கரத்தின் நாலு கோணமும் சேர்ந்து 360. மூன்று மூலை 90 என்றால் 270 ஆயிற்று. மிச்சம் 90 தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். எதிரெதிர்ப் பக்கங்களும் சமம் என்று உறுதியாகிவிட்டால் இன்னும் மலிவு: ஒரே ஒரு மூலை செங்கோணமானால் மற்ற மூன்றும் இலவசம்!

இரண்டு கயிறு, ஒரு முளை, ஒரு மாயாஜாலம்

பொடி கலக்கும் இடைவெளியில் ஒரு வித்தை காட்டச் சொல்வோம். 16.40 மீட்டரில் இரண்டு கயிறு. இரண்டையும் நடுவில், அதாவது 8.20-ல், ஒரே முளையில் கட்டு. நாலு முனையை நாலு பேர் பிடித்து விறைப்பாக இழுக்கட்டும். ஒவ்வொரு கயிறும் நேர்க்கோடாக இருந்தால் போதும், இரண்டையும் எந்தக் கோணத்தில் விரித்தாலும் சரி. முனைகளை இணைத்தால் வருவது செவ்வகம்! கொஞ்சமாக விரித்தால் ஒல்லிச் செவ்வகம், நிறைய விரித்தால் குண்டுச் செவ்வகம், சரிபாதி விரித்தால் சதுரம். சாய்ந்த உருவம் வரவே வராது. ஒரு முனைப் பக்கம் 10 மீட்டர் ஆகும்வரை விரி. அதை ஒட்டிய பக்கம் 13 தானாக வந்து நிற்கும்!

எப்படி? நடு முளையைச் சுற்றி நாலு முக்கோணங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம் 8.20, 8.20. இரண்டு பக்கம் சமம் என்றால் அடிக்கோணங்களும் சமம். எதிரெதிர் முக்கோணங்கள் ஒன்றுபோலவே இருப்பதால், களத்தின் ஒவ்வொரு மூலையிலும் ஒல்லி முக்கோணத்தின் கோணம் ஒன்றும் குண்டு முக்கோணத்தின் கோணம் ஒன்றும் கூடி நிற்கின்றன. ஆக நாலு மூலையும் சமம். மொத்தம் 360. ஆளுக்கு 90. நிரூபணம் முடிந்தது, இதற்குள் பொடிகூடக் கலந்து முடியவில்லை!

கவனித்தீர்களா, நாலு மூலையும் நடு முளையிலிருந்து ஒரே தூரம். 8.20 மீட்டர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவன் வட்டமாக ஓடினால் நாலு முளையையும் தொட்டுக்கொண்டே போவான். ஒவ்வொரு செவ்வகத்தையும் சுற்றி இப்படி ஒரு வட்டம் ஒளிந்திருக்கிறது.

ரெய்டர் எங்கே நின்றாலும்...

இது எனக்கு மிகவும் பிடித்தது. மெல்லச் சொல்கிறேன், கிட்ட வாங்க.

நாளைக்கு ரெய்டு போகும் வீரரை மனதில் நிறுத்துங்கள். எதிரணிப் பாதியில், கடைசிக் கோட்டிலிருந்து 4 மீட்டர், ஒரு பக்கக் கோட்டிலிருந்து 3 மீட்டர் தள்ளி நிற்கிறார். அவரிடமிருந்து நாலு மூலைக்கும் உள்ள தூரத்தை அளந்து வர்க்கமாக்குங்கள். பக்கத்து மூலைக்கு 25. அதற்கு நேர் எதிர் மூலைக்கு 130. இரண்டும் சேர்ந்து 155. மற்ற இரண்டு மூலைகளுக்கு 90, 65. கூட்டுங்கள். 155!

அவர் நகரட்டும். பாக் லைனைத் தொடட்டும், போனஸுக்குக் காலை நீட்டட்டும், தப்பித்துத் திரும்பி ஓடி வரட்டும். கூட்டுத்தொகை மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் ஒரு ஜோடி எதிர்மூலைகளின் கூட்டுத்தொகையும் மறு ஜோடியின் கூட்டுத்தொகையும் ஒவ்வொரு நொடியும் சமமாகவே இருக்கும்! காரணம் எளிது. எந்த மூலையின் தூரத்தை எடுத்தாலும், வர்க்கமாக்கினால் அது ஒரு பக்கக் கோட்டின் தூரமும் ஒரு கடைசிக் கோட்டின் தூரமும் தனித்தனியே வர்க்கமாகிக் கூடியது. எதிர்மூலைகளைச் சேர்க்கும்போது நாலு கோடுகளின் தூரமும் ஒவ்வொரு முறை வந்துவிடும். எந்த ஜோடியை எடுத்தாலும் அதே நாலு. இதற்குப் பிரிட்டிஷ் கொடித் தேற்றம் என்று பெயர். ஏழு பேர் சேர்ந்து அவரை அமுக்கினாலும் இந்தச் சமநிலையை அமுக்க முடியாது.

மடித்தால், திருப்பினால்

20 நிமிடம் ஆடியதும் அணிகள் இடம் மாறும். ஏன் அதில் அநியாயம் எதுவும் இல்லை? செவ்வகத்தை அரைச்சுற்று திருப்பினால் அச்சு அசலாகத் தன் மேலேயே வந்து உட்காரும். நடுக்கோட்டில் மடித்தாலும் பொருந்தும். நீளவாக்கில் நடுவே மடித்தாலும் பொருந்தும்.

மூலைவிட்டத்தில் மடித்தால்? தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மடித்துப் பாருங்கள். மூலைகள் இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு தனித்தனியே நிற்கும். மூலைவிட்டம் செவ்வகத்தை இரண்டு சம முக்கோணங்களாகப் பிரிக்கும், ஆனால் மடிப்புக் கோடாகாது. அந்தச் சலுகை சதுரத்துக்கு மட்டும். கால் சுற்று திருப்பும் சலுகையும் அப்படியே.

ஆட்டத்தின் நடுவே பெருகும் களம்

கபடியின் தனி ருசி இதில்தான். லாபி இருக்கிறதே, அந்த ஒரு மீட்டர்ப் பட்டை, ரெய்டரும் பிடிப்பவர்களும் தொட்டு மல்லுக்கட்டும்வரை களத்தில் சேராது. அதுவரை ஆட்டம் நடப்பது 13-க்கு 8. பரப்பு 104 சதுர மீட்டர். ஒரு தொடுதல் நடந்த நொடியில் லாபிகளும் சேர்ந்துகொள்ள, 130 ஆகிறது. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே 26 சதுர மீட்டர் பெருகும் செவ்வகம்!

அந்த 13, 8 என்ற எண்களைப் பாருங்கள். 1, 1, 2, 3, 5, 8, 13 என்று போகும் ஃபிபனாச்சி வரிசையில் அடுத்தடுத்து நிற்பவை! 13-ஐ 8-ஆல் வகுத்தால் 1.625. தங்க விகிதம் 1.618. உள்ளே 8-க்கு 8 சதுரம் ஒன்று வெட்டுங்கள், மிச்சம் 8-க்கு 5. அதில் 5-க்கு 5, பிறகு 3-க்கு 3, பிறகு 2-க்கு 2, கடைசியில் 1-க்கு 1 இரண்டு. துண்டு துணுக்கு மிச்சமில்லாமல் சதுரங்களாகவே தீர்ந்துவிடுகிறது. தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம், ஆனாலும் சிலிர்க்கிறது!

முழுக்களமும் சளைத்ததில்லை. அதே 46 மீட்டர் சுற்றளவை 22-க்கு 1 என்று நீட்டினால் கிடைப்பது 22 சதுர மீட்டர்ச் சந்து. 11.5-க்கு 11.5 என்று சதுரமாக்கினால் 132.25, அதுதான் உச்சபட்சம். நம்முடைய 13-க்கு 10 அந்த உச்சத்துக்கு வெறும் 2.25 மட்டுமே குறைவு. ஒரே நீளச் சுண்ணாம்புக் கோட்டில் ஏறக்குறைய முழு வசூல்!

பொடி விழும் பக்கம் எது?

கயிறு கட்டியாயிற்று. பொடியைக் கையில் அள்ளுகிறார் கோடு போடும் அண்ணன். "உள்பக்கமாப் போடுங்கண்ணே!" என்று சார் கத்துகிறார். எதற்கு இந்தப் பதற்றம்? வடிவியலில் கோட்டுக்கு அகலம் கிடையாது. கபடியில் உண்டு, 3 முதல் 5 செ.மீ. வரை. அந்தக் கோடும் களத்தின் பகுதி என்பது விதி. அளவெடுத்த கயிற்றுக்கு வெளியே 5 செ.மீ. பொடி போட்டால் களம் 13.10-க்கு 10.10 ஆகிவிடும். 2.31 சதுர மீட்டர் ஓசியில் போய்விடும்!

உள்ளரங்கப் போட்டி என்றால் மண்ணுக்குப் பதில் மேட். ஒரு மீட்டர்ச் சதுரங்களைப் பல்லோடு பல் கோத்து விரித்தால் முழுக்களத்துக்கு 130. இடைவெளி விடாமல் அடுக்க முடிவது செங்கோணத்தின் புண்ணியம்.

மற்ற ஆட்டக்காரர்களுக்கும் தெரியுமா?

தெரியாமலா! உலக இறகுப்பந்துக் கூட்டமைப்பின் விதிகளில் உள்ள ஆடுகளப் படத்தைப் பாருங்கள். 13.40-க்கு 6.10 என்று பக்கங்களைச் சொல்வதோடு, முழுக்களத்தின் மூலைவிட்டம் 14.723 மீட்டர் என்று மில்லிமீட்டர் வரைக்கும் அச்சிட்டிருக்கிறார்கள். ஒற்றையர் களத்துக்கு 14.366. களத்தில் எங்கும் போடாத கோட்டின் நீளம், விதிகளில் இடம்பிடித்துவிட்டது! ஹீரோவுக்குக் கிடைத்த ஒரு போஸ்டர்.

கைப்பந்துக் களம் 18-க்கு 9, இரண்டு சதுரங்கள் ஒட்டிப் பிறந்தது. மொத்தமாக மூலைக்கு மூலை 20.12, ஒவ்வொரு பாதிக்கும் 12.73. பூப்பந்துக்கு 24-க்கு 12, அதுவும் இரட்டைச் சதுரம்தான், 26.83. கோடு போடும் எந்தப் பி.டி. சாரின் பையிலும் இந்த எண்கள் ஒரு துண்டுச்சீட்டில் இருக்கும். அந்தச் சீட்டு கிடைத்தால் விடாதீர்கள், நேரமும் மானமும் இரண்டும் மிச்சம்.

ஐயோ, கிளம்பாதீர்கள்! பெண்கள் ஆட்டத்துக்குக் களம் 12-க்கு 8. இதே நடு முளையை வைத்து, கடைசிக் கோடுகளை அரை மீட்டரும் பக்கக் கோடுகளை ஒரு மீட்டரும் உள்ளே கொண்டுவர வேண்டும். பெரிய களத்தின் மூலைவிட்டத்திலேயே சின்னக் களத்தின் மூலைகளும் விழும் என்று நினைத்துக் குச்சி நட்டுவிடாதீர்கள். அதன் விகிதம் 1.3, இதன் விகிதம் 1.5. இரண்டும் வேறு வேறு உருவம், மூலைவிட்டங்கள் வேறு வேறு திசையைப் பார்க்கும். புதிதாகத்தான் இழுக்கணும்.

144, 64, கூட்டினால் 208. வர்க்கமூலம் 14.42. டேப்பின் அந்த முனையை நீங்கள் பிடியுங்கள். தொய்வு விடாமல், மூலைக்கு மூலை!